பத்து சென்டிமீட்டர் மீன்கொத்தி

என் மனைவியின் வீட்டில் கல்யாணப் புடவையை வெட்டுவார்கள். முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அணிவிக்கும் வெள்ளை கவுனை, அந்தக் குழந்தையின் தாய் சர்ச்சில் மணப்பெண்ணாக நின்றபோது கட்டியிருந்த புடவையிலிருந்துதான் தைக்க வேண்டும். கடைத்துணி கூடாது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. கல்யாணமான புதிதில் இதை முதன்முதலாகக் கேட்டபோது, நாளிதழ் ஒன்றில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தும் வேலையில் இருப்பவனுக்கு இயல்பாக எழும் சந்தேகம் எனக்கும் எழுந்தது. இரண்டாவது குழந்தைக்கு?

"அதுக்கும் அதே கவுன்தான். புடவையை ஒரு தடவைதான் வெட்டுவாங்க," என்றாள்.

எங்கள் மகள் பிறந்து தலை நின்றதும் ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. சேலையூரில், ஏரிக்குப் போகும் தெருவில் எங்கள் வீடு. மனைவி பள்ளி ஆசிரியை. பிரசவ விடுப்பில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கி வைத்திருந்த எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று கூடத்து மூலையில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கைக்குட்டையிலும் புத்தகப்பையிலும் பெயர் போட்டுக் கொடுப்பாள். அதற்கு மேல் அதற்கு வேலை வந்ததில்லை.

கவுனின் நெஞ்சுப் பகுதியில் ஒரு பறவையைத் தைக்கப் போவதாக அவள் சொன்னாள். எந்தப் பறவை என்று நான் கேட்கவில்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் இருந்த மீன்கொத்தி. வாயில் மீனோடு, ஏரிக்கரை நாணல்களுக்கு நடுவே ஒரு தண்டின் மேல் அது உட்கார்ந்திருக்கும். வரைந்தவர் அவளுடைய அப்பா, என் மாமா. பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். அந்தப் படம் அச்சாகிச் சில மாதங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களோடுதான் இருக்கிறார். கோல் ஊன்றி நடப்பார், மெதுவாகப் பேசுவார், இடது கையால் சாப்பிடுவார். இடது கையில் பென்சிலை மட்டும் எடுத்ததில்லை. நாங்களும் எடுத்து நீட்டியதில்லை.

"அப்பா கையால கடைசியா வந்தது அதுதான். அது பாப்பா மேல இருக்கணும்," என்றாள் மனைவி.

புடவை மெல்லிய வெள்ளைப் பட்டு. உடல் முழுவதும் சின்னச் சின்ன வெள்ளிப் பூக்கள். பூ இல்லாத வெறும் பட்டு ஒரே இடத்தில்தான் இருந்தது, இடுப்பில் செருகும் உள்முனையில். கவுனின் கை, பாவாடைப் பகுதிகளுக்குப் பூப்போட்ட துணி போதும். பறவை உட்கார வேண்டிய முன்பக்கத்துக்கு மட்டும் வெறும் துணி தேவை. அளந்து பார்த்தபோது அந்த உள்முனையில் இரண்டு முன்பக்கங்களுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று தவறினால் இன்னொன்று. அதோடு சரி.

படத்தை அப்படியே மெஷினில் போட முடியாது. கோட்டை ஊசி எந்த வரிசையில் குத்த வேண்டும், எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று கணினியில் ஒருவர் அமைத்துத் தர வேண்டும். அதற்கு இந்தத் தொழிலில் பஞ்சிங் என்று பெயர். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பள்ளிச் சீருடைகளுக்கு பேட்ஜ் போடும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். என் மனைவி அவரை அண்ணா என்றாள். அவர் இவளை அக்கா என்றார். இருவரில் யார் மூத்தவர் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவர் பென்டிரைவில் போட்டுத் தந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மெஷினில் செருகினோம். திரை காலியாக இருந்தது. மனைவி போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அண்ணா, பென்டிரைவ்ல ஒண்ணுமே இல்லையே."

"கீதுக்கா. நான்தான போட்டேன். உன் மெஷினு அத்தக் கண்டுக்க மாட்டேங்குது. ஹூப் இன்னா சைஸு?"

துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தைத்தான் ஹூப் என்கிறார்கள். "பத்துக்குப் பத்து," என்றாள்.

"அட இன்னாக்கா நீ! மொதல்லயே சொல்றதில்ல? என் மெஷின் கணக்குல பதினெட்டுக்குப் போட்டுக்கினு குந்தியிருக்கேன்."

"நீங்க கேக்கவே இல்லையேண்ணா."

"நீ சொல்லவே இல்லியேக்கா."

அன்றைக்குத்தான் அந்த மெஷினின் கையேட்டை நான் முழுதாகப் படித்தேன். அது ஏற்றுக்கொள்வது பத்து சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம். அதைவிடப் பெரிய டிசைன் இருந்தால் அது திட்டாது, எச்சரிக்காது. அப்படி ஒன்று உலகத்தில் இல்லாததுபோல் இருந்துவிடும். மனைவி லேப்டாப்பில் படத்தைச் சரியாகப் பத்துக்குச் சுருக்கினாள். அப்போதும் திரை காலி. பெரிதாக்கிப் பார்த்தபோது வால் நுனி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் குறைத்ததும் பறவை திரையில் வந்து உட்கார்ந்தது. அத்தனை கறாரான ஒரு வாசலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் பக்கம் போடுகிறவர்கள்கூட ஒரு வரி நீண்டால் எப்படியாவது தள்ளிமுள்ளி உட்கார வைத்துவிடுவார்கள்.

கையேட்டில் இன்னொரு எல்லையும் இருந்தது. ஒரு டிசைனில் இத்தனை தையலுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. எங்கள் பறவையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தையல்கள் இருந்தாலும் அந்த எல்லைக்கு வெகு கீழேதான் இருந்தன. அளவு சரி, எண்ணிக்கை சரி. பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் விறைப்பாக, பேட்ஜ் மாதிரி வந்தது. ஆனால் பறவை வந்தது. பட்டு மெல்லியது என்பதை நாங்கள் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலை, குழந்தை தூங்கியதும், பட்டை அடியில் தாங்குதாளோடு சேர்த்து ஹூப்பில் மாட்டினாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அதுவரை நான் அந்த மெஷின் ஓடும்போது கூர்ந்து பார்த்ததே இல்லை. ஊசி துணி மேல் அங்கும் இங்கும் ஓடும் என்று நினைத்திருந்தேன். ஊசி ஓடுவதில்லை. அது நின்ற இடத்தில் நின்று மேலும் கீழும் போய்வருகிறது, அவ்வளவுதான். துணிதான் நகர்கிறது. சட்டம் முழுவதும் இடப்பக்கம் ஒரு நூலளவு, பின்பக்கம் ஒரு நூலளவு என்று விலகி, அடுத்த குத்து விழ வேண்டிய புள்ளியை ஊசிக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்துகிறது. பேனாவை ஆணியடித்து நிறுத்திவிட்டுத் தாளை அசைத்து எழுதுவதுபோல. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை அது நடக்கிறது. ஒரு முறைகூட அது தயங்கவில்லை. வேலைக்குப் போக வேண்டிய நேரம் கடந்தும் நான் எழுந்திருக்கவில்லை.

நாணல்கள் வந்தன. தண்ணீரின் அலைக்கோடுகள் வந்தன. பறவையின் மார்பை நிரப்பத் தொடங்கியபோது சத்தம் மாறியது. டக்டக் என்று இருந்தது தொம்தொம் என்று ஆனது. மனைவி கையை நீட்டி நிறுத்துவதற்குள் ஊசி அதே இடத்தைப் பலமுறை குத்திவிட்டது. ஹூப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். மார்பைச் சுற்றி, தபால்தலையின் ஓரத்தைப் போல, வரிசையாகத் துளைகள். லேசாக இழுத்ததும் மார்பு தனியே கையோடு வந்துவிட்டது. பறவை இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பதினெட்டு சென்டிமீட்டரில் எத்தனை தையல் இருந்ததோ, சுருக்கிய பிறகும் அதே எண்ணிக்கை. இடம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தையல் ஒன்றுகூடக் குறையவில்லை. மெஷினுக்கு இருந்த இரண்டு எல்லைகளையும் நாங்கள் மதித்திருந்தோம். மூன்றாவது எல்லை பட்டினுடையது. அது எந்தக் கையேட்டிலும் இல்லை.

உள்ளறையிலிருந்து மாமா கூப்பிட்டார். "என்னம்மா, சத்தம் நின்னுடுச்சு?"

மனைவி துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டு அந்தப் பக்கம் அசைத்துக் காட்டினார். "வயித்துல ஓட்டை. முழுங்கின மீனெல்லாம் இந்த வழியா தப்பிச்சிடும்."

"சிரிக்காதீங்கப்பா," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். விரலை மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிழிந்ததை எடுத்துக்கொண்டு நானும் அவளும் மறுபடி பட்டறைக்குப் போனோம். அவர் துணியை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பட்டைச் சல்லடை ஆக்கிட்ட!" என்றார். "படத்தச் சின்னது பண்ணிட்ட, ரைட்டு. நூலச் சின்னது பண்ண முடியுமா? ஊசியச் சின்னது பண்ண முடியுமா?"

இரண்டு பாதியாக உடைத்து, ஹூப்பை இரண்டு முறை மாட்டிப் பெரிதாகவே போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். யூடியூபில் பார்த்திருக்கிறாள்.

"காட்டன்ல போடு, நானே கூட நிக்கிறேன். பட்டுல ஹூப்பு புடிச்ச தடம் நிக்கும்க்கா. சேர்ற எடத்துல ஒரு முடி தள்ளிப்போச்சுன்னு வை, மூக்கு ஒரு பக்கம், மூஞ்சி ஒரு பக்கம். பாப்பா பயந்துக்கும்."

"அப்ப என்னதாண்ணா வழி?"

"பத்துக்குள்ளயே போடலாம். ரொப்புற வேலையெல்லாம் வேணாம், வெறும் கோடு. ஆனா இவ்ளோ கோடு தாங்காது. ஒரு மில்லிக்குள்ள ரெண்டு கோடு வந்தா ரெண்டும் ஒண்ணாப்பூடும். கம்மி பண்ணிக் குடு, போட்டுத் தரேன்."

"எதை எடுக்கறதுன்னு நீங்களே பாத்து எடுத்துடுங்களேன்," என்றேன் நான்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சார், எனக்கு பேட்ஜு தெரியும், எழுத்து தெரியும். பறவைல எது இல்லாட்டியும் பறவைன்னு எனக்கு இன்னா தெரியும்? வரைஞ்சவரு கீறாரு இல்ல? அவராண்ட கேளு."

ஆறு கிலோமீட்டரும் இல்லாத அந்தத் தூரத்தை, கேம்ப் ரோடு நெரிசலில் ஸ்கூட்டரில் ஊர்ந்தே கடந்தோம். வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கே அச்சடித்து, அப்பாவின் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வெள்ளை மை பேனா ஒன்றைத் திறந்து கையில் வைத்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

மாமா தன் படத்தை அவ்வளவு சின்னதாகப் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு இடது சுட்டுவிரலைப் பின்னால் இருந்த நாணல் கூட்டத்தின் மேல் வைத்தார்.

"எடு."

மனைவி வெள்ளை மையைத் தடவினாள். விரல் அடுத்த நாணலுக்குப் போனது. எடு. வால் இறகின் உள்கோடுகள். எடு. சிறகின் அடுக்குகள். எடு. கழுத்தின் பட்டை. எடு. நான் பல வருடங்களாகப் பிறர் எழுதியதை வெட்டிக்கொண்டிருப்பவன். தான் எழுதியதைத் தானே வெட்டச் சொன்னால் எப்பேர்ப்பட்ட நிருபரும் முதலில் ஓரத்தில் இருக்கும் ஒரு சொல்லைத்தான் எடுப்பார். கேட்கக் கேட்க வாதாடுவார். இவர் வாதாடவில்லை. விரல் எங்கே போகிறதோ அங்கே அவர் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, அந்த அலை ரெண்டு கோடாவது இருக்கட்டுமே."

"மாப்ள, பேப்பர்ல எல்லார் எழுத்தையும் வெட்டுறீங்க. இங்க வந்து இருக்கட்டும்ங்கறீங்க." விரல் அலையின் மேல் இருந்தது. "எடும்மா."

கடைசியில் ஒரு தண்டும், அதன் மேல் ஒரு பறவையின் வெளிக்கோடும், வாயில் மீனும் மிஞ்சின. போதும் என்று நினைத்தோம். விரல் மீனின் மேல் போய் நின்றது.

"இதையும்."

"அப்பா! மீன் இல்லாம மீன்கொத்தியா?"

"அலகு தெரியலம்மா. மீன் மறைக்குது. அலகு தெரிஞ்சாப் போதும், அது யாருன்னு தெரிஞ்சிடும்."

"மீன் எங்கப்பா போச்சுன்னு கேப்பாங்க."

"இன்னும் பிடிக்கல. பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. மீன் தண்ணிக்குள்ள இருக்கு."

"தண்ணியத்தான் எடுத்துட்டீங்களே!"

"தண்ணி சர்ச்ல ஊத்துவாங்க," என்றார் மாமா.

மனைவியின் கையில் இருந்த வெள்ளை மை ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

மீனையும் எடுத்தபின் ஒரு சிக்கல் தெரிந்தது. பறவையின் முதுகுக்கோடு தலையிலிருந்து இறங்கிக் கழுத்தோடு நின்றது. அந்த இடத்தில் முன்பு ஒரு நாணல் குறுக்கே போயிருந்தது. நாணலை எடுத்ததும் முதுகில் இடைவெளி. அதை யாராவது வரைந்து சேர்க்க வேண்டும். திருத்திய படத்தை மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் மனைவி முயன்றாள். அவர் தலையை ஆட்டினார். "கோழி முதுகு." இன்னொரு பிரதியில் நான் வரைந்தேன். அவர் பார்த்துவிட்டு, "மாப்ள, இது உங்க எடிட்டரு முதுகு," என்றார்.

மூன்றாவது பிரதியை மனைவி அவர் முன்னால் வைத்தாள். பென்சிலை அதன் பக்கத்தில் வைத்தாள். வெளியே தெருவில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனார். மாமா பென்சிலை இடது கையில் எடுத்தார். சரியாகப் பிடிபடாமல் மேசையில் உருண்டது. மறுபடி எடுத்தார். கோடு கழுத்தில் தொடங்கி வாலை நோக்கி இறங்கியது. நீளம் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. வழியெல்லாம் நடுங்கியது. ஆனால் போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது. அது கோழியும் இல்லை, எடிட்டரும் இல்லை.

"ஆடிடுச்சு," என்றார். "அந்தத் தம்பிகிட்ட சொல்லி நேராக்கச் சொல்லு."

பட்டறைக்காரரும் திரையில் அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார். "இந்த எடம் ஆடுதேக்கா. சரி பண்ணிடவா?"

"வேணாம்ணா. தொடாதீங்க," என்றாள் என் மனைவி.

இந்த முறை தையல் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. சோதனைக்குப் படுக்கை விரிப்பை எடுக்கவில்லை. கிழிந்துபோன முன்பக்கத்தில் மிஞ்சியிருந்த பட்டிலேயே தலையை மட்டும் போட்டுப் பார்த்தோம். துணி சுருங்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கடைசித் துண்டை ஹூப்பில் மாட்டினாள். மாமா நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். குழந்தையை நான் தோளில் வைத்திருந்தேன். நீலம் கலந்த சாம்பல் நிற நூல், அது ஒன்றுதான்.

தண்டு முளைத்தது. கால் விரல்கள் அதைப் பற்றின. வயிறு ஒரே வளைவில் ஏறி, அலகின் நுனிவரை போய்த் திரும்பியது. அந்த நுனியில் மெஷின் ஒரு கணம் மெதுவாகி, அரிசிமுனை அளவுக்கும் குறைவான தையல்களில் கூராக முடித்தது. பிறகு தலை, பிறகு கழுத்து, பிறகு முதுகு.

நடுங்கிய அந்த இடத்துக்கு ஊசி வந்தது. நான் இன்னும் குனிந்தேன். முதுகில் ஒரு தையலின் நீளம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். மாமாவின் கை நடுக்கம் அதைவிடச் சின்னது. ஊசி கோட்டின் மேல் ஒரு புள்ளியில் இறங்கி, நடுவில் இருந்த அசைவைத் தாண்டி, கோட்டின் மேலேயே அடுத்த புள்ளியில் இறங்கியது. மறுபடி தாண்டியது. யாரும் எதையும் நேராக்கவில்லை. அவர் போட்ட கோட்டில்தான் ஒவ்வொரு குத்தும் விழுந்தது. ஆனால் துணியில் எழுந்தது நடுக்கம் இல்லை. காற்றுக்கு இறகைச் சிலிர்த்துக்கொண்ட ஒரு பறவையின் முதுகு. ஒரு மெஷினின் குறையும் இப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்றைக்கும் அதை யாரிடமாவது விளக்கத் தொடங்கினால், பாதியில் என் விளக்கம் எனக்கே போதாமல் போகிறது.

வால் முடிந்தது. மெஷின் நூலை அறுத்துக்கொண்டு நின்றது. மனைவி ஹூப்பைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருந்த தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தெடுத்தாள். ஒவ்வொரு கிழிசலுக்கும் பட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் தூக்கிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அப்பாவிடம் கொடுத்தாள்.

அவர் துணியை இடது கையில் விரித்து ஜன்னல் பக்கம் உயர்த்தினார். வெயில் பட்டுக்குள் புகுந்து வந்தது. பறவையைச் சுற்றி எங்கும் புள்ளி வெளிச்சம் இல்லை.

"ஓட்டை இல்ல," என்றார். பிறகு முதுகைப் பார்த்தார். "நேராக்கிட்டானா?"

"இல்லப்பா. தொடவே வேணாம்னு சொன்னேன். நீங்க போட்டதுதான்."

"தாளைக் கொண்டா."

மூன்றாவது பிரதியை அவள் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"குடுங்கப்பா, கவுனை மூட்டணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும்," என்றார் அவர். துணியை வெயிலை விட்டு இறக்கவில்லை. "இரு."